அணில் எடுத்த ஒரே வரி நகல்

ஏரி நடுவே ஐந்து கருவேல மரங்கள். மரம் கொள்ளாமல் நாரைக் கூடுகள். கூடு கொள்ளாமல் குஞ்சுகள். மேலே சதா வட்டமடிக்கும் பருந்து!

காவலுக்குக் கரிச்சான் குருவிகள் இருந்தன. உருவம் சிறிசு, கோபம் பெரிசு! பருந்தின் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டிவிடும். தினமும் காலையில் அவை ஏரிக்கரைக் கணினியில் காவல் பட்டியலைத் திறந்து பார்க்கும். பட்டியலுக்குள் மரங்கள், மரத்துக்குள் கிளைகள், கிளைக்குள் கூடுகள். எந்தக் கூட்டின் பெயர் இருக்கிறதோ அங்கே ஒரு கரிச்சான் போய் நிற்கும். பெயர் இல்லாத கூட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். இருப்பதே கொஞ்சம் கரிச்சான்கள், வேறென்ன செய்ய?

கணினி வேலை துடியன் என்ற அணிலுடையது. நிரல் எழுதுவதில் கெட்டிக்கார அணில். அதைச் சொல்லிக்கொள்வதில் அதைவிடக் கெட்டி!

ஒருநாள் கரிச்சான்களின் தலைவி மையழகி பறந்து வந்தது.

"துடியா, மேற்கே புதுசா ஒரு மரத்துல கூடு கட்டுறாங்க. மூணாவது மரத்துக் காவலை எடுத்து அங்கே போட்டா சரிவருமா? பார்த்துச் சொல்லு. ஆனா காவல் பட்டியல்ல கை வைக்காதே!"

"நான் என்ன கூறுகெட்டவனா? நகல் எடுத்து, அந்த நகல்லதான் போட்டுப் பார்ப்பேன்!"

"நகல் எடுக்க ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஒரே வரி நிரல்! இதோ, எடுத்தாச்சு!"

கொஞ்சம் எச்சரிக்கையும் அதற்கு இருந்தது, பாவம். நகலில் ஆறாவது மரம் ஒன்றைச் சேர்த்தது. பிறகு அசலைத் திறந்தது. அங்கே ஐந்தே மரங்கள். "பார்த்தீங்களா! அது வேற, இது வேற!" என்று குதித்தது. அந்தத் தைரியத்தில், நகலில் மூன்றாவது மரத்துக் கூடுகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் அழித்தது. அந்தக் காவலை ஆறாவது மரத்துக்குப் போட்டுப் பார்த்ததில், சரிவராது என்று தெரிந்தது. அசலில் ஐந்து மரங்களும் இருப்பதை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கொய்யாப்பழம் தின்னப் போய்விட்டது. ஒரு மரத்தையாவது திறந்து உள்ளே பார்த்ததா? அதுதான் இல்லை!

மறுநாள் காலை கரிச்சான்கள் பட்டியலைத் திறந்தன. மூன்றாவது மரம் இருந்தது. கிளைகளும் இருந்தன. கிளைகளுக்குள் ஒரு பெயர்கூட இல்லை.

"குஞ்செல்லாம் பறக்கக் கத்துக்கிச்சு போல!" என்று சொல்லிவிட்டு அவை மற்ற மரங்களுக்குப் போய்விட்டன.

மூன்றாவது மரத்தில் செவ்வந்தி என்ற நத்தைகுத்தி நாரைக்கு மூன்று குஞ்சுகள். மூன்றும் பசியில் கத்தின. "கரிச்சான் இப்ப வந்துடும்" என்று செவ்வந்தி நத்தை பொறுக்கக் கீழே இறங்கியது. இரண்டு நத்தை எடுத்திருக்கும். அதற்குள் தலைக்கு மேலே ஒரு நிழல்! திரும்பிப் பறந்து வந்து பார்த்தால், கூட்டில் இரண்டே குஞ்சுகள்!

"ஐயோ! என் குஞ்சு! காவல் எங்கே போச்சு?"

மையழகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாரும் மூணாவது மரத்துக்கு ஓடுங்க! பட்டியலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" என்று கத்தியது. பிறகு நேரே அணிலிடம் பாய்ந்தது.

"அடப்பாவி! அசல்ல கை வைக்காதேன்னு சொன்னேனே!"

"சத்தியமா வைக்கலே! நகல்லதான் அழிச்சேன்!"

அணில் அசலைத் திறந்தது. மூன்றாவது மரம், முதல் கிளை. காலி! நகலில் 'செவ்வந்தி' என்று எழுதியது. அசலிலும் செவ்வந்தி வந்தது! நகலில் அழித்தது. அசலிலும் போய்விட்டது!

"ஐயையோ! ரெண்டு பட்டியலுக்கும் உள்ளே இருக்கிற கிளை ஒண்ணேதான்!"

அந்த ஒரே வரி, மேலே இருந்த பட்டியலை மட்டும்தான் புதிதாகச் செய்திருந்தது. உள்ளே இருந்த மரங்களைப் புதிதாகச் செய்யாமல், "அதோ, அந்தப் பழைய மரம்தான்" என்று கை காட்டி விட்டிருந்தது. ஆறாவது மரம் மேல்மட்டத்தில் சேர்ந்தது. அதனால்தான் அசலில் அது வரவில்லை.

"உள்ளே திறந்து பார்த்தியா?" என்றது மையழகி.

"மேலே... மேலே பார்த்தேன்."

"குஞ்சு மேலேயா இருக்கு? உள்ளேதானே இருக்கு!"

அணில் கணினி முன்னால் உட்கார்ந்தது. நகல் எடுக்கும் நிரலைப் புதிதாக எழுதியது. ஒவ்வொரு மரத்துக்குள்ளும் போய், ஒவ்வொரு கிளைக்குள்ளும் போய், ஒவ்வொரு கூட்டையும் தனியாகப் புதிதாகச் செய்யும் நிரல். எடுத்த நகலில் அடியில் இருந்த ஒரு கூட்டின் பெயரை அழித்துப் பார்த்தது. அசலில் அது அப்படியே இருந்தது. ஒருவரும் பாராட்டவில்லை.

மூன்றாவது மரத்துப் பெயர்களை மட்டும் கூடு கூடாகக் கேட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கடைசியில் செவ்வந்தியின் முறை வந்தது.

"கூட்டுல எத்தனை குஞ்சு?" என்று அணில் தலை நிமிராமல் கேட்டது.

"நேத்து மூணு" என்றது செவ்வந்தி. "இன்னிக்கு ரெண்டுன்னு எழுது."

நகல் எடுத்தால் அடி வரைக்கும் எடுக்க வேண்டும். மேலே மட்டும் பார்த்துவிட்டுத் தனி என்று நம்புகிறவன், நகல் என்று நினைத்து அசலையே அழித்துவிடுவான்.