சிங்காரி போர்டுக்கு வந்த கதை

ஒரு ஊர்ல ஒரு எருமை இருந்துச்சு. அது பேரு சிங்காரி.

ராஜாவா? ராஜா எல்லாம் நேத்தோட தீர்ந்து போயிட்டாங்க பாப்பா. இன்னைக்கு எருமைதான். கேக்குறதுன்னா ம் சொல்லு, இல்லைன்னா அந்தப் பக்கம் திரும்பிப் படு.

“ம்.”

சிங்காரி கரேர்னு இருப்பா. கொம்பு ரெண்டும் பின்னால வளைஞ்சு அப்படியே காது வரைக்கும் வந்து நிக்கும். நெத்தியில மட்டும் ஒரு ரூபா அளவுக்கு வெள்ளைச் சுட்டி. அவளை வளர்த்தது வேலுத்தாயின்னு ஒரு அம்மா. வேலுத்தாயி தொழுவத்துல இன்னும் ரெண்டு எருமை உண்டு, ரெண்டும் சிங்காரி பெத்த மக.

வேலுத்தாயி தினம் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு இருந்தா. ஒருநாள் சொசைட்டிய இழுத்துப் பூட்டிட்டாங்க. ஏன்னு எவனும் சொல்லலை. அப்புறம் அவ புருஷன் சீனிச்சாமி, லாரி டிரைவர், அவன் சொன்னான்: “பால் ஊத்த எடமில்லாம எருமை எதுக்கு? தரகர் கிட்டச் சொல்லிட்டேன். ஆடி கழிஞ்சதும் வந்து ஏத்திக்குவாரு.”

எங்க ஏத்திட்டுப் போவாங்களா? சந்தைக்கு. சந்தைக்கு அப்புறமா? அது தூங்கப் போற நேரத்துல கேக்குற கேள்வி இல்ல. சிங்காரி திரும்பி வரமாட்டா, அவ்வளவுதான்.

வேலுத்தாயி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணலை. “ஆடி முடிய இன்னும் நாள் இருக்கு. நான் தயிர்க்கடை போடுறேன். ஓடுச்சுன்னா சிங்காரி இருப்பா. ஓடலைன்னா உன் தரகர் வரட்டும்”னு சொன்னா. சீனிச்சாமியும் தலையை ஆட்டிட்டான். ஓடாதுன்னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்த அவ வீட்டு வாசல்லயே ஒரு சின்னக் கடை. வெள்ளை வெள்ளைக் கப்புல தயிர். எப்படித் தயிர் தெரியுமா? கப்பைக் கவுத்தினாலும் கொட்டாது. ஸ்பூனை வெச்சா சதக்னு வெட்டிக்கிட்டு வரும். தயிர்ல ஒரு குறையும் இல்ல. ஆனா கடைன்னா ஒரு பேரு வேணும், ஒரு படம் வேணும், கப்பு மேல ஒட்ட ஸ்டிக்கர் வேணும், வெளிய மாட்ட போர்டு வேணும். எல்லாத்துலயும் ஒரே மார்க் இருந்தாத்தான் நேத்து வாங்கினவன் இன்னைக்கும் தேடி வருவான்.

அதுக்கு அந்த ஊர்ல ஒரே ஒருத்தன்தான். ஒரு ப்ளெக்ஸ் கடைக்காரன். பேரு வேண்டாம், பாவம். பெரிய ஓவியர்னு அவனுக்கு நெனப்பு. காதுகுத்து பேனர் அடிப்பான், கல்யாண பேனர் அடிப்பான், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பான். ஒரு இஞ்ச் எடம் சும்மா விடமாட்டான். எடம் இருந்தா ரோஜாப்பூ, இன்னும் எடம் இருந்தா நட்சத்திரம். கம்ப்யூட்டர்ல பூவும் சிங்கமும் சாமியும் குவிச்சு வெச்சிருந்தான்.

வேலுத்தாயி போய் விஷயத்தைச் சொன்னா. “தயிர்தானக்கா? பத்து நிமிஷம்”னான். கிர்ர்ர்னு மிஷின் ஓடுச்சு. கொண்டுவந்து மாட்டினான் பாரு, பச்சைப் புல்லு, நீலமலை, நடுவுல வெள்ளை வெளேர்னு ஒரு பசுமாடு. கழுத்துல மணி, பக்கத்துல கன்னுக்குட்டி.

“நம்மது எருமைத் தயிராச்சே தம்பி?”

“யாருக்கா எருமையைப் போடுவா? பால்னா பசுதான். அதான் அழகு.”

அவளும் சரின்னுட்டா. ம் சொல்லு.

“ம்.”

மறுநாள் ஜனம் வாங்குச்சு. அதுக்கு மறுநாள் சண்டைக்கு வந்துச்சு. ஒருத்தன் சொல்றான், “பசும்பால் தயிர் இவ்வளவு கெட்டியா இருக்குமா? என்ன மாவைக் கலந்தே?” இன்னொரு பெரியவர் பேத்தியைத் தூக்கிக்கிட்டு தாம் தூம்னு வந்தாரு. “பசுமாட்டைப் பாத்துத்தானம்மா கொழந்தைக்கு வாங்கினேன். ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. இது எந்த மாட்டுத் தயிரு, நெசத்தைச் சொல்லு!” கலப்படம்னு ஊரே பேசிருச்சு. நல்ல தயிருதான், படம் பொய் சொன்னதால தயிரும் பொய்யாப் போச்சு.

பசுமாட்டுப் போர்டு இறங்கிருச்சு. ஒரு வாரம் போச்சு.

அப்போ கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? “ஜனத்துக்கு நம்பிக்கை வேணும்கா. உங்க மூஞ்சியையே போட்டுருவோம். மூஞ்சி பொய் சொல்லாதுல்ல?” இவளும் ஸ்டுடியோவுல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தா. சிரிக்கலை. போட்டோன்னா அவ சிரிக்க மாட்டா. அவன் என்ன பண்ணான், கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருந்த ஒரு பார்டரை எடுத்தான். நாலு மூலையிலயும் ரோஜா, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல வேலுத்தாயி. அடியில கடை திறந்த தேதியைப் போட்டு விட்டான். எந்த வேலைக்கு வெச்சிருந்த பார்டர்னு அந்த மடப்பயலுக்கு ஞாபகமே இல்ல.

ஆமா. கண்டுபிடிச்சுட்டியே. அவன் கண்டுபிடிக்கலை பாரு.

விடிஞ்சு போர்டைப் பாத்தவன் எல்லாம் செருப்பைக் கழட்டிட்டு நின்னான். ஆட்டோ ஸ்டாண்டுல பாட்டை நிறுத்திட்டாங்க. பக்கத்து ஊர்ல இருந்து வேலுத்தாயியோட சித்தி தலைவிரி கோலமா பஸ்ஸை விட்டு இறங்கி, “அடியே, இந்த வயசுலயே போயிட்டியாடீ”ன்னு நெஞ்சுல மடார் மடார்னு அடிச்சுக்கிட்டு ஓடி வர்றா. உள்ள இருந்து வேலுத்தாயி கரண்டியோட எட்டிப் பாத்து, “வா சித்தி, மோர் குடிக்கிறியா?”ங்கறா. சித்தி தொபுக்கடீர்னு அங்கயே விழுந்துட்டா.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிடும். எழவு வீட்டுல யாரு தயிர் வாங்குவா? அந்த வாரம் கப்பெல்லாம் அப்படியே இருந்துச்சு. வேலுத்தாயி தயிரை எல்லாம் கடைஞ்சு மோராக்கி வர்றவனுக்குப் போறவனுக்குச் சும்மா ஊத்தினா. சாயங்காலம் தொழுவத்துக்குப் போய் சிங்காரி முதுகைத் தேச்சுக்கிட்டே கெடந்தா. அவளுக்குப் பயம் வந்துருச்சு. ஆடி பாதிக்கு மேல போயிருச்சுல்ல.

“ம்.”

அப்புறம் மூணாவது போர்டு. இந்தத் தடவை கடைக்காரனுக்கே கொஞ்சம் வெக்கம். “ஆடி வெள்ளி வருதுக்கா, சாமியைப் போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது”ன்னு மகாலட்சுமியைப் போட்டான். தாமரையில உக்காந்து தங்கமா பொழியுறா. கப்புக்குக் கப்பு மகாலட்சுமி. வெள்ளிக்கிழமை கூட்டம் திமுதிமுன்னு வந்துச்சு. கடகடன்னு எல்லாம் காலி. சீனிச்சாமியே லேசா தலையைத் தூக்கிப் பாத்தான்.

ஆனா தயிரைத் தின்னுட்டு கப்பை என்ன பண்ணுவ? குப்பையில போடுவ. சாமி படம் போட்ட கப்பை எப்படிக் குப்பையில போடுறது? எந்த வீட்டுலயும் மனசு வரலை. அடுக்களையில ஒண்ணு, அலமாரியில ரெண்டு, ஜன்னல்ல நாலுன்னு சேந்துக்கிட்டே போச்சு. தபால்காரர் சம்சாரம் பதினோரு கப்பைக் கழுவித் தொடைச்சு மடியில கட்டிக்கிட்டு வந்து, “நீயே வெச்சுக்கோ தாயி. இனிமே கப்பில்லாம குடு, இல்லைன்னா விடு”ன்னு வெச்சுட்டுப் போயிட்டா.

பஸ் ஸ்டாண்டுல பிரியாணிக் கடை பக்கீர் மாஸ்டர், வெங்காயப் பச்சடிக்குத் தினம் நாப்பது கப்பு கேட்டிருந்த மனுஷன், அவரும் வந்து மெதுவா சொன்னாரு. “தயிரு ஏ ஒன் தங்கச்சி. ஆனா சாமி படத்தைக் கறிச்சட்டி பக்கத்துல வைக்க எனக்குக் கை வரலை. உன் சாமிக்கு நான் அப்படிப் பண்ணக்கூடாதுல்ல?”

அவரு சொன்னது சரிதான். அதான் கஷ்டம். தப்பாச் சொல்லியிருந்தா சண்டையாவது போடலாம்.

அப்படியே மூணு போர்டும் போச்சு. ஆடியும் போச்சு. தரகர் லாரி டர்ர்ர்ர்னு வந்து தொழுவத்து முன்னால நின்னுச்சு.

தூங்கிட்டியா? தூங்கலையா. சரி, இனிமேதான் கதை.

தரகர் பெரிய மீசைக்காரரு. தோள்ல சிவப்புத் துண்டு. அந்த நேரம் பாத்து ப்ளெக்ஸ் கடைக்காரனும் மகாலட்சுமி போர்டைத் திருப்பி எடுத்துக்க வந்து ஓரமா நிக்கிறான். தரகர் சிங்காரியை ஒரு சுத்து சுத்தினாரு. கொம்பைத் தடவினாரு. நெத்திச் சுட்டியைத் தொட்டுப் பாத்தாரு. “இப்படி ஒரு கொம்பு வளைவை நான் பாத்ததில்லை”ன்னாரு. அப்புறம், “வெயிலு தாங்கலை, ஏதாவது இருக்காம்மா?”ன்னு கேட்டாரு. வேலுத்தாயி என்ன இருந்தாலும் வந்தவருக்கு இல்லைன்னு சொல்ல மாட்டா. ஒரு கப்பு தயிர் குடுத்தா.

தரகர் ஒரு வாய் போட்டாரு. நிறுத்திட்டாரு. இன்னொரு வாய் போட்டாரு. கப்பைத் திருப்பிப் படத்தைப் பாத்தாரு.

“இது எந்த மாட்டுத் தயிரு?”

“இதோ, நீங்க ஏத்திட்டுப் போக வந்தீங்களே, இவதான்.”

“அப்ப இவளை ஏன் போடலை?”

“எங்க?”

“போர்டுலதான். வர்ற வழியில எல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க. பசு இருந்துச்சாம், நீ இருந்தியாம், இப்போ சாமி இருக்கு. பாலைக் குடுத்தவ மட்டும் எங்கயும் இல்லையே?”

சிங்காரி வாலால சப்புனு ஒரு ஈயை அடிச்சா. அந்த ப்ளெக்ஸ் கடைக்காரன் மூஞ்சியைப் பாக்கணுமே. இத்தனை நாள் அந்த வீட்டு வாசல்லயே நின்னு பேசியிருக்கான், ஒரு தடவையாவது உள்ள திரும்பிப் பாத்தானா?

தரகர் எந்திரிச்சாரு. “வேற ஊர்ல உருப்படி பாக்க வேண்டியிருக்கு. அடுத்த செவ்வா வரேன்”னு லாரியை எடுத்துட்டாரு. கெடு இன்னும் ஒரு வாரம்.

சீனிச்சாமி குதிச்சான். “எருமையைப் போடுறதாவது! எருமை மேல எமன்தான்டீ வருவான்!”

வேலுத்தாயி சொன்னா, “வரட்டும். அவனுக்கும் ஒரு கப்பு குடுப்போம்.”

அப்புறம் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல தேடினான். சிங்கம் இருக்கு, மயில் இருக்கு, பசு முப்பது இருக்கு. எருமை ஒண்ணுகூட இல்ல. வேற வழியில்லாம ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு தொழுவத்துல சிங்காரி முன்னால சம்மணம் போட்டு உக்காந்தான். காலையில உக்காந்தவன் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கலை. அவ சளக் சளக்னு அசை போடுறா, இவன் வரையுறான். வரைஞ்சு முடிச்சுட்டு, “ரெண்டு மூலையில ரோஜா வெக்கட்டுமாக்கா?”ன்னான்.

“மூணு தடவை நெறைய போட்டே தம்பி. இந்தத் தடவை கம்மியாப் போடு.”

பின்னால வளைஞ்ச ரெண்டு கொம்பு. கருப்பு நெத்தி. நடுவுல வெள்ளைச் சுட்டி. அவ்வளவுதான். வெள்ளைக் கப்புல கருப்பா ஒண்ணே ஒண்ணு. கீழ, “எருமைத் தயிர்.” போர்டும் அதேதான், தூரத்துல பஸ்ஸுல வரும்போதே கொம்பு தெரியும்.

ஆமா பாப்பா, நம்ம ஃப்ரிட்ஜுல இருக்குற அதேதான். இப்போவா தெரிஞ்சுது? நீ சாயங்காலம் மோர்சாதம் தின்னியே, அது யாரு குடுத்ததுன்னு நெனச்ச?

முதல் நாள் ஊரே சிரிச்சுது. பள்ளிக்கூடத்துப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் காட்டி, “டேய், உன் போட்டோ போட்டிருக்காங்கடா”ன்னாங்க. சிரிச்சவன் எல்லாம் ஒரு கப்பு வாங்கினான். வாங்கினவன் கெட்டித் தயிரைப் பாத்து சந்தேகப்படலை, எருமைன்னா அப்படித்தானே இருக்கும்? கப்பைத் தூக்கிக் குப்பையில போட்டான், யாரும் கன்னத்துல போட்டுக்கலை. பக்கீர் மாஸ்டர் நாப்பது கப்பை அள்ளிட்டுப் போனாரு. அன்னைக்குப் பேத்தியைத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்கு வந்த பெரியவரும் வந்தாரு. “இது நெசம். கொழந்தைக்கு வேண்டாம், எனக்கு ரெண்டு குடு”ன்னாரு. சனிக்கிழமைக்கெல்லாம் கண்டக்டர், “எருமைக்கடை இறங்கு, எருமைக்கடை இறங்கு!”ன்னு கத்த ஆரம்பிச்சுட்டான். இன்னைக்கும் அந்த ஸ்டாப்புக்கு அதான் பேரு.

செவ்வாக்கெழமை தரகர் சொன்னபடி வந்தாரு. வேலுத்தாயிகிட்ட அவருக்குக் குடுக்க ஒரு கப்புகூட இல்ல. காலி அலமாரியைப் பாத்தாரு. போர்டைப் பாத்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, “கொம்பு வளைவு சரியா வந்திருக்கு”ன்னு மட்டும் சொல்லிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

“அப்புறம் சிங்காரி?”

அப்புறம் என்ன, இருந்தா. ரொம்ப வருஷம் இருந்தா. கெழவியாகி பால் வத்திப் போச்சு, அப்பவும் யாரும் விக்கலை. ஒரு மார்கழியில படுத்தவ எந்திரிக்கலை. தன் தொழுவத்துலயே, தன் வைக்கோல் மேலயே போயிட்டா.

அன்னைக்கு அந்த ப்ளெக்ஸ் கடைக்காரன் யாரும் கேக்காமலே ஒரு போஸ்டர் அடிச்சான். நாலு மூலையிலயும் ரோஜா. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவுல சிங்காரி. அந்த பார்டர் அன்னைக்குத்தான் சரியான எடத்துல உக்காந்துச்சு. எருமைக்கடை ஸ்டாப்புல பஸ்ஸு ரெண்டு நிமிஷம் நின்னு போச்சு. மீசை நரைச்ச தரகர் ஒரு மாலையோட வந்தாரு. சீனிச்சாமி ஓரமா நின்னு மூக்கை உறிஞ்சினான். கடைக்காரன் போஸ்டரை ஒட்டிட்டு, பசைக்கையோட அங்கயே உக்காந்து அழுதுட்டான். எருமைக்குப் போய் இவ்வளவு நேரமா அழுவாங்க? அழுதுட்டான்.

என்ன பாக்குற?

சரி, அழுதுட்டேன். தாத்தாதான் அழுதேன். போதுமா?

சிங்காரி கட்டுத்தறிக்குப் போயாச்சு, கதையும் கூடவே போயாச்சு. போர்வையை இழுத்துக்கோ. கண்ணை மூடு.

“ம்.”