ராஜாவின் கால் சத்தம்

ராஜாக்கள் தலையில் கிரீடத்தையும் காதில் கோளையும் சேர்த்தே சுமந்த காலம் அது. நெடுங்கரை நாட்டை மகுடவர்மன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் சந்தேகப் பிராணி. அவனுடைய சாப்பாட்டை ருசி பார்க்க ஒருவன், அந்த ஒருவனைக் கண்காணிக்க இன்னொருவன், இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒருவன். தொட்டிலில் கிடக்கும் தன் ஏழு மாதப் பெண் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தால்கூட, 'எதற்குச் சிரிக்கிறது?' என்று யோசித்தபடி இரண்டடி தள்ளியே நிற்பான்.

இந்த நெருப்புக்கு நெய் ஊற்றியவர் தளவாய் உக்கிரபாணி. மந்திரி அறவாழியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, ஒரே வேலையில் நெடுநாள் இருப்பவன் சதி செய்யக் கற்றுக்கொள்வான். வீட்டுக்குப் போகிறவன் ரகசியத்தைக் கொண்டுபோவான்" என்று ஓதினார்.

மறுநாளே ஆணை பிறந்தது. எல்லோருக்கும் வேலை மாற்றம். அரண்மனையை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது, மீறினால் தலை போகும். யானைப்பாகன் சமையலறைக்குப் போய், ராஜாவின் இலையில் தேங்காய் அளவு சோற்று உருண்டைகளை வைத்தான். சமையல்காரன் ஐயாவு ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலில் நின்றான். பதினோரு வருடம் அந்த வாசலைக் காத்த பூவாண்டி தோட்டத்துக்குப் போய், அந்த முறுக்கு மீசையோடு மல்லிகை தொடுத்தான். தொடுத்ததெல்லாம் அவிழ்ந்து கொட்டியது.

ஐந்தாம் நாள் காலை தளவாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மகாராஜா! பூவாண்டி தினமும் உச்சிப்பொழுதில் மதிலேறிக் குதித்து எங்கோ போய்வருகிறான். அவனை வேலைக்கு வைத்தவர் மந்திரி என்பதையும் மறந்துவிட வேண்டாம்."

"நாளைக் காலை அவன் தலையை வாங்குங்கள்!" என்றான் ராஜா.

தளவாய் வெளியேறியதும் அறவாழி எழுந்தார். "வாங்கலாம். அதற்கு முன் அவன் எங்கே போகிறான் என்று தாங்களே மாறுவேடத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். அவன் துரோகி என்றால் என் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாங்கள் போவது தளவாய்க்குக்கூடத் தெரியக் கூடாது. முத்திரை மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், வேஷம் கலைந்துவிடும்."

'என்னை வெளியே அனுப்ப இவருக்கு என்ன அவசரம்?' ராஜாவின் மனம் குடைந்தது. ஆனாலும் பூவாண்டியின் குட்டை உடைக்கும் ஆசை விடவில்லை. மோதிரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். தாடியைப் பலாப்பால் வைத்து இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, வளையல் வியாபாரியாக, தனக்கு மட்டுமே தெரிந்த திட்டிவாசல் வழியே, வழக்கம்போல வலது காலைத் தேய்த்தபடி வெளியேறினான். அது உள்ளிருந்து மட்டுமே திறக்கும் கதவு. அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

உச்சிப்பொழுதில் பூவாண்டி மதிலேறிக் குதித்தான், குளக்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். ராஜா வேலி இடுக்கில் கண்ணை வைத்தான். பூவாண்டி முற்றத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, ஒரு மாதக் குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வெந்நீர் போட்டாச்சு, நீ படுத்திரு புள்ள" என்றான்.

"நான் பாத்துக்கறேன்யா. உன்னைப் பிடிச்சாங்கன்னா தலையை எடுத்துடுவாங்களே!" என்று அழுதாள் வீட்டுக்குள்ளிருந்த அவன் மனைவி.

"உனக்கு எழுந்து நிக்கவே தெம்பில்லை. ஒரு நாழிகை வந்துட்டுப் போறதுக்குப் பேரு துரோகம்னா, இருந்துட்டுப் போகட்டும்."

'குழந்தையும் நாடகத்தில் சேர்த்தியோ?' என்று நினைத்துப் பார்த்தான் ராஜா. அவனுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. அங்கே நிற்கக் கூச்சமாக இருந்ததால் கோட்டைக்குத் திரும்பினான்.

"யாருய்யா நீ?" என்றான் வாசலில் ஐயாவு.

"முட்டாளே, நான்தான் உன் ராஜா!"

"அட போய்யா! ராஜாவுக்குக் குழம்பில் உப்பு ஒரு கல் குறையணும்னு எனக்குத் தெரியும். மூஞ்சியை யார் பார்த்தா?"

கத்திக் கத்தி ராஜாவின் தொண்டை கட்டிப்போன பிறகு, சத்தம் கேட்டுத் தளவாய் வீரர்களோடு வந்தார். தாடியைப் பிய்க்கப் பார்த்தான் ராஜா. பலாப்பால் விடுமா? அந்த இழுபறியில் இடுப்பிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"ராஜாவின் பெட்டிச் சாவி! ஒற்றன்! இவன் தலையை ராஜாவுக்குக் காணிக்கையாக வைக்கிறேன். கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லுங்கள்!" என்று துள்ளினார் தளவாய்.

கைகள் கட்டப்பட்டு மதிலோரமாக நடந்தான் ராஜா. அவன் வாழ்நாளில் எத்தனையோ பேரைக் கண்டு பயந்திருக்கிறான். தான் சொன்னதைத் தன் ஆட்களே நம்பாத பயம் இன்றுதான் புதிது.

அப்போது மதிலின் மறுபுறம் ஏறிக்கொண்டிருந்த பூவாண்டியின் கை நின்றது. சரக்... டப். சரக்... டப். வலது காலைத் தேய்த்து நடக்கும் சத்தம். பேசாமல் தோட்டத்துப் பக்கம் இறங்கியிருந்தால் அவன் தலை தப்பியிருக்கும். ஆனால் அவன் மதிலிலிருந்து வீரர்களின் நடுவே குதித்தான்.

"நிறுத்துங்க! ராஜாவைப் போய்க் கட்டி இழுத்துட்டுப் போறீங்களே!"

"உளறாதே! முகத்தைக்கூட நீ பார்க்கவில்லையே" என்றார் தளவாய்.

"முகம் எதுக்கு? பதினோரு வருஷமா இந்தக் கால் சத்தத்துக்குத்தானே எழுந்து நின்னேன்?"

தூணுக்குப் பின்னாலிருந்து அறவாழி வந்து கட்டை அவிழ்த்தார்.

"இவ்வளவு நேரம் அங்கேயா நின்றீர்?" என்று சீறினான் ராஜா.

"வாள் உறையை விட்டு வந்திருந்தால் குறுக்கே விழுந்திருப்பேன், மகாராஜா. இவன் துரோகி இல்லை என்று முன்பே நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா? தலை போகும் என்று தெரிந்தும் குதித்தவனைத்தானே நம்புவீர்கள்!"

ராஜா பூவாண்டியின் தோளைத் தொட்டான். "வாசல் இனி உன்னுடையது. உச்சிப்பொழுதில் வாசல் வழியாகவே வீட்டுக்குப் போ." பாகன் யானையிடமும் ஐயாவு அடுப்பிடமும் திரும்பினார்கள், வீட்டுக்குப் போகத் தடையும் நீங்கியது.

தளவாய் தலைகுனிந்து நின்றார். "உமக்கும் ஒரு திறமை உண்டு" என்றான் ராஜா. "யார் எங்கே போகிறான் என்று மோப்பம் பிடிப்பீர். இனிமேல் அந்தி மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் இருப்பவன் எவன் என்று எனக்குச் சொல்லும்."

அன்று அந்தியில் தளவாய் தயங்கித் தயங்கி வந்தார். "எல்லோரும் போய்விட்டார்கள், மகாராஜா. ஒருவர் மட்டும் போகவில்லை."

"யார் அவன்?"

"தாங்கள்தான்."

ராஜா அந்தப்புரத்துக்குப் போனான். தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, மகளை வாங்கிக் கால்மேல் கிடத்திக்கொண்டான். குழந்தை அவன் பட்டாடையை நன்றாக நனைத்துவிட்டுச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறது என்று ராஜா யோசிக்கவில்லை.