எப்சிபா டீச்சரின் சத்தம்

"சத்தத்தைக் குறைச்சுப் பேசணும் தம்பி. அதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள் எப்சிபா டீச்சர்.

கேட்டது நாகூர் மீரானிடம். ஒலிப்பதிவு என்றால் பாளையங்கோட்டையில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். டீச்சரைவிடப் பதினைந்து வயது இளையவன். வேலையில் கெட்டி, பேச்சில் மகா கஞ்சன்.

டீச்சர் இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு ஆசிரியை. விசில் தொலைந்த அன்றைக்கும் மைதானம் மொத்தமும் அவள் சொல்லுக்கு நின்றது. அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது சோதனை.

பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் வாசித்து அனுப்பினாள். குரல் கிழிகிறது என்று ஒலிநூலகத்தார் திருப்பிவிட்டார்கள்.

அடக்கி வாசித்து அனுப்பினாள். ஆற்றோடு போகிற மகனைத் தாய் கூப்பிடும் இடம், காபி வேணுமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறதாம். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. புகுந்த வீட்டிலும் இதே பேச்சுதான், பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு தொண்டை என்று. கர்த்தர் கொடுத்ததை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மீரான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மைக் சத்தத்தை வாங்குகிற அளவை, அந்த லெவலை, எப்படி வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டான்.

இதுகூடவா தெரியாது என்று டீச்சர் மைக்கிடம் குனிந்தாள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றாள், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பேர் சொல்கிற மாதிரி.

திரையில் பச்சைக் கோடு லேசாக எட்டிப் பார்த்தது. போதாது என்று லெவல் குமிழைத் திருகித் திருகி அதை முக்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டாள்.

மீரான் புத்தகத்தைப் புரட்டி, அந்த ஆற்றுப் பக்கத்தில் விரலை வைத்தான்.

"இதைச் சொல்லுங்க."

அது கதையில் கடைசியில்தானே வருகிறது என்றாள் டீச்சர். அவன் விரலை எடுக்கவில்லை.

பாதிக் குரலில் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பிள்ளை ஆத்துல போறான், டீச்சர்."

அவ்வளவுதான்.

"ஏலே சுடலை, கரையைப் பிடிலே!"

தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். திரையில் கோடு உச்சிவரை சிவப்பு; குரல் கிழிகிற இடம் அதுதான். மீரான் குமிழைக் கொஞ்சம் இறக்கி, இன்னொரு தடவை என்றான். மறுபடியும் சிவப்பு, மறுபடியும் இறக்கினான். நாலாவது கூப்பாட்டுக்குக் கோடு சிவப்பைத் தொடாமல் நின்றது. கூப்பாடு ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

மெதுவாகப் பேசுகிற இடமெல்லாம் கேட்காமல் போய்விடாதா என்று டீச்சருக்குச் சந்தேகம். அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், கிழிந்ததைத்தான் தைக்க முடியாது என்றான் மீரான். சொல்லிவிட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தான்.

டீச்சர் வாசிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சத்தத்தைக் குறைக்க எப்பச் சொல்லிக் குடுப்பீங்க?"

"குறைக்க வேண்டியதைக் குறைச்சாச்சு டீச்சர். நீங்க வாசிங்க."