கைதட்டிய வகுப்பு

மடத்துக்குள் வந்ததும் வராததுமாகத் தணிகாசலம் கேட்டார்: "சென்செய், பாராட்டினால் ஒரு குழந்தைக்கு நோகுமா?"

மியோரென் துறவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சிறிய ஜப்பானிய ஊரின் ஓரத்தில் ஒரு புத்த மடத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். ஊரார் அவரை சென்செய் என்பார்கள், அதாவது ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் தணிகாசலத்துக்கும் அதே பெயர்தான். இருவரும் ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொண்டார்கள். ஆனால் யார் குரு, யார் சீடர் என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"யாரைப் பாராட்டினீர்கள்?"

தணிகாசலம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அரக்கோணத்தில் வெகுகாலம் ஆங்கில வாத்தியாராக இருந்தவர் அவர். அங்கே ஒரு கேள்வி கேட்டால் போதும், "சார், நான் சார், நான் சார்" என்று பெஞ்சு மேல் ஏறாத குறையாகப் பிள்ளைகள் கை தூக்கும். இங்கே கேள்வி கேட்டால் அத்தனை தலைகளும் மேசையைப் பார்க்கும். விடை தெரியாமல் அல்ல. தெரியும் என்று காட்டிக்கொள்ள ஒருவருக்கும் மனமில்லை. ஒரு வருஷமாக அந்த மௌனத்தோடு முட்டி முட்டி மனிதர் நொந்துபோயிருந்தார்.

அப்போதுதான் கொஹாரு அகப்பட்டாள். கடைசி வரிசை. வாய்க்குள்ளேயே அவள் படித்த ஆங்கிலம் அத்தனை சுத்தமாக இருந்தது. தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவளை முன்னால் வரவழைத்தார், உரக்கப் படிக்கச் சொன்னார், வகுப்பைக் கைதட்ட வைத்தார். "பார்த்தீர்களா? நீங்களும் இவளைப் போலப் படிக்க வேண்டாமா?" என்று கேட்டும் வைத்தார். அரக்கோணத்தில் இந்த வார்த்தை கிடைத்த பிள்ளை ஒரு வாரத்துக்குத் தரையில் நடக்காது.

வகுப்பு ஒழுங்காகக் கைதட்டியது.

மறுநாள் கொஹாரு மற்றவர்களைப் போலவே ஆங்கிலத்தைக் கடித்துத் துப்பினாள். வாத்தியார் விடவில்லை. "நேற்று படித்த மாதிரி படி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் மேசைகளைச் சேர்த்துப் போட்டபோது, அவள் மேசைக்கும் மற்ற மேசைகளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார். யாரோ சரியாக நகர்த்தவில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கப்புறம் வரவேயில்லை.

வகுப்பாசிரியை நிஷிமுரா குனிந்து வணங்கி, "உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை" என்றார். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு இன்னும் ஆழமாகக் குனிந்தார். "தயவுசெய்து வேண்டாம். அந்தத் தெருவில் நீங்கள் நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்."

ஊரில் இருந்த மனைவி கற்பகவல்லிக்கோ விஷயமே பிடிபடவில்லை. "என்னங்க இது கூத்து? நல்லா படிக்கிறேன்னு சொன்னதுக்கா ஒரு பொண்ணு ஸ்கூலுக்கு வராம நிக்கும்? வேற ஏதாச்சும் இருக்கும். நீங்க போட்டு மனசக் குழப்பிக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

"நான் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாராட்டத்தானே செய்தேன்?" என்று துறவியிடம் முடித்தார் தணிகாசலம்.

துறவி கீரைக் காம்புகளை ஒதுக்கினார்.

"நாளை ஞாயிறு. வழக்கம்போல் தியானத்துக்கு வாருங்கள்."

ஞாயிறு காலை ஊர்க்காரர்கள் சிலர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தியானம் செய்தார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் தேநீர் வந்தது. மியோரென் தணிகாசலத்தை நடுவில் வந்து உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் தணிகா சென்செயைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர். முதுகு எவ்வளவு நேராக நிற்கிறது! இங்கேயே பிறந்த நீங்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாமா?"

மருந்துக்கடை ஓனோ கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். புன்னகைத்தார்கள். பிறகு தேநீர்க் கோப்பையோடு மரியாதையாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். தணிகாசலத்துக்குக் காது மடல் எரிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன்னையறியாமல் முதுகை வளைத்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு மடத்து வாசல் வரை போனவர், உள்ளே பேச்சுக் குரல் கேட்டதும் திரும்பிவிட்டார். குளிர் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு அறையை விட்டே கிளம்பவில்லை.

பள்ளி நுழைவாயிலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலணிப் பெட்டி உண்டு. வீதிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போடும் வெள்ளைக் காலணியை மாட்டிக்கொண்டு போக வேண்டும். கொஹாருவின் வெள்ளைக் காலணி தினமும் பெட்டியிலேயே இருந்தது. தணிகாசலம் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு நாள் அது அங்கே இல்லை.

வந்துவிட்டாள்! வயதை மறந்து மாடிப்படியில் ஓடினார். வகுப்பில் அவள் இருக்கை காலியாகவே இருந்தது. பின்னால் வந்த நிஷிமுரா மெதுவாகச் சொன்னார்: "காலணியை அவள் அம்மா வந்து எடுத்துப் போய்விட்டார்."

அன்று சாயங்காலம் தணிகாசலம் நேரே மடத்துக்குப் போனார்.

"அன்றைக்கு என்னை வேண்டுமென்றே அப்படிச் செய்தீர்களா, சென்செய்?"

"ஆமாம்."

"எனக்கு நோகும் என்று தெரிந்தா?"

"தெரிந்துதான். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்."

"நான் வராமல் இருந்தேனே, ஏன் கூப்பிட வரவில்லை?"

"உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு எது நினைவு வரும் என்று யோசித்தேன். திரும்பிவிட்டேன்."

தணிகாசலம் தரையில் உட்கார்ந்தார்.

"நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டால் அவள் வருவாளா?"

"வகுப்பு அங்கேயேதான் இருக்கும்."

"மன்னிப்புக் கேட்டால்?"

"எல்லார் முன்னாலுமா?"

அவர் அழுதார். துறவி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது, சென்செய். இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் இன்றைக்கு வந்துவிட்டேனே. அவளும் ஒரு நாள் அப்படி வரலாம், இல்லையா?"



"உங்களுக்கு நாற்பத்தெட்டு வயது," என்றார் மியோரென். "அவளுக்குப் பன்னிரண்டு."