செத்தவர் வாசலில் வெயில் காய்ந்தார்

பாட்டுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த காலம் அது. அன்றைய வேல்ஸ் நாட்டில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இறந்துபோனால், முப்பதாம் நாள் புலவன் ஒருவன் வந்து இரங்கற்பா பாட வேண்டும். பாடி முடித்தால்தான் அவர் முறையாகச் செத்தார் என்று ஊர் ஒப்புக்கொள்ளும்.

மெய்லிர் அப்படி ஒரு பாட்டைத் தலைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாளாக மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போன அவன் குரு இத்வலுக்கு முப்பத்தைந்துதான். இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆடு மேய்த்து, மனைவியைப் பறிகொடுத்து, அதற்கப்புறம்தான் மெய்லிருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஒன்பது வருடமாகக் குருவின் பாட்டுகளை மனப்பாடம் செய்து விருந்துகளில் ஒப்பித்து வந்தான். சொந்தப் பாட்டு ஒன்றைப் பெரிய வீட்டில் பாடி, அதை அந்த வீடு ஏற்றுக்கொண்டால் அவனும் புலவன். இல்லாவிட்டால் சாகும்வரை ஒப்பிக்கிறவன்தான்.

இதுதான் அந்தச் சொந்தப் பாட்டு. இறந்தவர் எட்னவெட் என்ற நிலக்கிழார். பாதிரியார் சாகக் கிடப்பவருக்குப் பூசும் கடைசித் தைலத்தோடு அவர் வீட்டுக்குள் போனதைப் பார்த்த கம்பளி வியாபாரி ஒருவன் செய்தி கொண்டுவந்தான். கேட்ட அன்று மெய்லிர் குழந்தை மாதிரி அழுதான். மறுநாள் பாட்டைக் கட்ட உட்கார்ந்தான். எழுபத்திரண்டு அடி முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான்.

“ஐயா, பன்னிரண்டாவது அடி நொண்டுகிறதோ?”

“நேற்றும் கேட்டீர்.”

“நேற்று என்ன சொன்னீர்கள்?”

“நொண்டவில்லை என்றேன்.”

“நாற்பதாவது அடி?”

இத்வல் நடையை எட்டிப் போட்டார். தன்னைவிட மூத்தவனை அவர் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பயத்துக்கு மட்டும் மரியாதை கொடுப்பதில்லை.

நான்காம் நாள் காலையில் வீடு தெரிந்தது. வாசலில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கூரையில் வைக்கோல் வேய்கிறவனைப் பார்த்து, “குருட்டுப் பயலே, இடது பக்கம்!” என்று கத்தினார்.

மெய்லிரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. கத்தியவர் எட்னவெட்.

“வாரும் இத்வல்!” என்றார் அவர். “பாதிரியார் தைலம் தடவி என்னை வழியனுப்பித்தான் வைத்தார். நான்தான் போகவில்லை. பிழைத்ததற்கு இன்று மதியம் விருந்து. பாட்டு கொண்டுவந்தீரா?”

“இவரிடம் இருக்கிறது. புதுப் பாட்டு.” இத்வல் திரும்பிச் சீடனைக் கைகாட்டினார்.

கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள் எட்னவெட்டின் மனைவி நெஸ்ட். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “நல்லதாகப் பாடும். ஒரு மாதமாக இந்த வீட்டில் எல்லோரும் சாவைப் பற்றித்தான் பேசினார்கள். இனி அந்த வார்த்தை என் காதில் விழக்கூடாது” என்றாள்.

மெய்லிர் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்?

குருவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தொழுவத்துக்கு அழைத்துப் போனான்.

“ஐயா, இப்படி மாட்டிவிட்டீர்களே! நீங்கள் ஒரு பாட்டுப் பாடிவிடுங்கள்.”

“புதுப் பாட்டு இருக்கிறது என்று சொல்லியாயிற்று. சொன்ன பிறகு பழையதைப் பாடினால் இந்த வீட்டை அவமதித்ததாகும். உமக்குத் தெரியாததா?”

“அப்படியானால் மாற்றிப் பார்க்கிறேன்.”

“பாரும்.”

மெய்லிர் வைக்கோல் மேல் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தான். ‘இருந்தார்’ என்பதை ‘இருக்கிறார்’ ஆக்கினால் போதும் என்றுதான் நினைத்தான். அந்த நாட்டுப் பாட்டு அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. ஓர் அடியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பின்பாதியிலும் அதே வரிசையில் வந்தாக வேண்டும். ஒரு சொல்லைத் தொட்டால் அந்த அடி போயிற்று. அடி போனால் அதனுடைய இணை அடியும் போயிற்று. வியர்த்து வழிந்ததுதான் மிச்சம். எழுபத்திரண்டு அடியிலும் எட்னவெட் செத்தே கிடந்தார்.

அவன் பிழைப்பே இதில்தான் இருந்தது. இந்த வீட்டில் வாசலைக் காட்டிவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டிலும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அதையும் தாண்டி ஒன்று அவனை அரித்தது.

“ஐயா, ஒன்று சொல்ல வேண்டும். திட்டக்கூடாது.”

“சொல்லும்.”

“அவரை உயிரோடு பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. ஐயோ, பாட்டு வீணாகிவிட்டதே என்றுதான் வந்தது. என் ஆடுகளைக் காப்பாற்றிய மனுஷன், ஐயா. அவர் பிழைத்ததற்கு நான் வருத்தப்பட்டேன்.”

இத்வல் யாழின் ஒரு நரம்பை முறுக்கினார். “எவ்வளவு நேரம்?”

“ஓர் இமை நேரம்.”

“சரி. எழுந்திரும். விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள்.”

“என்ன பாடுவது?”

“இருப்பதை.”

கூடம் நிறைய ஆட்கள். மெய்லிர் எழுந்து நின்றான். இத்வல் யாழை மீட்டினார். மெய்லிர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். மண் மூடியது எட்னவெட்டை என்பதுதான் முதல் அடி.

பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. யாரோ சிலுவைக்குறி போட்டார்கள். கண்ணைத் திறந்தபோது நெஸ்ட் எழுந்து நின்றிருந்தாள். நிறுத்திவிடலாமா என்று குருவைப் பார்த்தான். குரு அவனைப் பார்க்கவில்லை, யாழ் நிற்கவில்லை. மெய்லிர் தொடர்ந்தான். நடுவில் அந்த இடம் வந்தது: பெரும்பனி பெய்த வருடம், ஊரில் ஒரு பிடி தீனி இல்லாதபோது, தன் வீட்டுக் கூரை வைக்கோலைப் பிடுங்கி அடுத்தவன் ஆடுகளுக்குப் போட்டவர் போய்விட்டாரே.

பாடுகிறவன் குரல் உடைந்தது. அவை அவனுடைய ஆடுகள். உடைந்த குரலிலேயே கடைசி அடிவரை பாடினான்.

மெய்லிர் கண்ணாலேயே கதவைத் தேடினான்.

“அன்றைக்கு நீ என்னை என்ன திட்டுத் திட்டினாய்!” என்றார் எட்னவெட், மனைவியைப் பார்த்து.

“படுக்கையில் பனி கொட்டினால் திட்டாமல்?” என்றாள் நெஸ்ட். அழுதுகொண்டே அவர் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெய்லிர் பக்கம் திரும்பினாள். “அந்தக் கூரை அடியை இன்னொரு தரம் பாடும்.”

பாடினான். மூன்று தரம் பாட வைத்தார்கள்.

எட்னவெட் தன் குவளையை அவன் முன்னால் தள்ளிவைத்தார். “என் முப்பதாம் நாளுக்கு இதே பாட்டுதான். புலவரே, நீர்தான் வந்து பாட வேண்டும். ஆனால் அவசரமில்லை.”

மறுநாள் திரும்பி நடந்தார்கள். புலவரே என்று கூப்பிட்டதை நினைத்து நினைத்து மகிழ வேண்டிய ஆள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

“ஐயா, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

இரண்டு மேடு ஏறி இறங்கினார்கள்.

“அந்த ஓர் இமை நேரம் என்னை விடமாட்டேன் என்கிறது.”

இன்னொரு மேடு வந்தது.

“உயிரோடு இருக்கிற யாருக்காவது நீங்கள் இரங்கற்பா கட்டியிருக்கிறீர்களா?”

“ஒருவருக்கு.”

“யாருக்கு?”

இத்வல் நடந்தபடியே முதல் இரண்டு அடிகளை மெல்லப் பாடினார். இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்று தொடங்கியது. மெய்லிர் சட்டென்று நின்றுவிட்டான். அவை அவனுடைய அப்பன் பெயரும் பாட்டன் பெயரும்.

“முடித்துவிட்டீர்களா?” என்று கேட்டான் கடைசியில்.

“முடித்து நாலு வருஷமாகிறது. நல்ல பாட்டு” என்றார் இத்வல். “ஒவ்வொரு குளிர்காலம் முடிந்தும் நீர் ஊரிலிருந்து உயிரோடு வந்து என் கதவைத் தட்டும்போது, எனக்கும் ஓர் இமை நேரம் வருத்தமாகத்தான் இருக்கிறது.”