சுவருக்குள் ஒளிந்த மேளக்காரன்

வெள்ளையடிக்கச் சாமான் எல்லாம் வெளியே எடுத்துப் போட்ட வீட்டுக்குள்ளே நின்று, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை வராது. நம்ம குரல்தான் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வந்து நம்மையே அதட்டும். அந்தச் சங்கதியால் ஒரு ஊரே மேளத்தை இழக்கப் பார்த்தது.

ரொம்பக் காலத்துக்கு முந்தி செங்காட்டு நாட்டைக் கோமளவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அந்த நாட்டில் வருஷா வருஷம் நடைமேளப் போட்டி நடக்கும். ஒவ்வொரு ஊர்க்காரர்களும் மேளம் அடித்துக்கொண்டே வரிசை கலையாமல் நடந்து வரவேண்டும். அடியும் காலடியும் ஒன்றாக விழவேண்டும். ஜெயிக்கிற ஊர்தான் தேருக்கு முன்னால் வாசித்துப் போகும்.

வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்த போட்டியைப் பார்த்து ராஜா ஒரு நாள், "வெயில் சுடுகிறதே" என்றார். அவ்வளவுதான். மந்திரி தேனப்பருக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்த மாணிக்கராயர் என்கிற பிரபு, இதுதான் சமயம் என்று மலை மாதிரி ஒரு கருங்கல் மண்டபம் கட்டி முடித்தார். சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் தேய்த்த கல்!

அந்த மண்டபத்தில் நடந்த முதல் போட்டியிலேயே, எப்போதும் ஜெயிக்கிற புல்லுக்காட்டுக் குழு கால் பின்னித் தடுமாறியது. குழுவுக்குத் தலைவி ஒச்சம்மா. பெரிய மேளத்தைத் தோளில் மாட்டி முன்னால் நடப்பவள் அவள்தான்.

"தின்று கொழுத்துவிட்டார்கள் மகாராஜா, கால் எழும்பவில்லை" என்றார் மாணிக்கராயர்.

தலைவலியில் இருந்த ராஜா, "அடுத்த வருஷமும் கால் தப்பினால் மேளங்களை அரண்மனையில் ஒப்படைத்துவிட்டு ஆடு மேய்க்கப் போங்கள்!" என்று சொல்லிவிட்டார்.

ஒச்சம்மா அழவில்லை. "மேளக்கோலைப் பிடித்த கை இது. ஒப்படைக்க மாட்டேன், ஜெயித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லி ஊருக்குப் போனாள். வருஷம் முழுக்கக் களத்துமேட்டில் பழகினார்கள். ஒரு கால் தப்பவில்லை. மறு போட்டியன்று விடிந்ததும் மண்டபத்துக்குள் வந்து ஒரு தடவை நடந்து பார்த்தார்கள். மறுபடியும் பின்வரிசை தடுமாறியது!

மூலையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த தேனப்பர், பின்வரிசைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். "ஏனய்யா, நீ எந்த மேளத்துக்குக் கால் வைக்கிறாய்?"

"எனக்குப் பின்னால் அடிக்கிற மேளத்துக்குத்தான் சாமி."

"உனக்குப் பின்னால் ஆளே இல்லையே!"

அவர் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. தேனப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒச்சம்மா, நீ பயப்படாதே தாயி. கூப்பிட்டவுடனே வந்து மேளத்தில் ஒரே ஒரு உருட்டு உருட்டு, போதும்."

சபை கூடியது. வெளியூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த சனங்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்தார்கள். தேனப்பர் எழுந்தார்.

"மகாராஜா, இந்த மண்டபத்தில் அழையாத மேளக்காரன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். எல்லாரும் அடித்த பிறகு அடித்து, நடக்கிறவர்களைக் கெடுக்கிறான்."

"பிடியுங்கள் அவனை!" என்றார் ராஜா.

"அபாண்டம்!" என்று குதித்தார் மாணிக்கராயர். "என் மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் ராஜா காதுக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும்."

"அப்படியானால் கடைசி வரிசையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் ராயரே. மேளம் நின்றதும் கையைத் தூக்குங்கள். சரியாகத் தூக்கிவிட்டால் என் மந்திரி முத்திரை உங்களுக்கு."

முத்திரை என்றதும் ராயர் ஓடிப்போய் உட்கார்ந்தார். ஒச்சம்மா ஓங்கி ஒரு உருட்டு உருட்டி நிறுத்தினாள். கோலைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சுவர்கள் கும்கும்மென்று முழங்கிக்கொண்டே இருந்தன. ராயர் கை தொடையை விட்டு எழும்பவே இல்லை!

"என்ன ராயரே, மேளம் நின்றதா?"

"அவசரப்படாதீர்! இன்னும் பலமாக அடிக்கிறாளே!"

சனங்கள் குலுங்கிச் சிரித்தார்கள். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்த ராயர் முகம் சுருங்கிப்போனது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், "போன வருஷப் போட்டி பூராவும் பானைக்குள்ளே தலையை விட்ட மாதிரி இருந்ததய்யா. யார் அடிச்சது, என்ன அடிச்சது, ஒண்ணும் விளங்கலை" என்றாள். ராஜாவே இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்று இன்னொரு உருட்டைக் கேட்டார். காதைப் பொத்திக்கொண்டார்.

"இடித்துத் தள்ளுங்கள் இந்தச் சுவரை!"

"வேண்டாம் மகாராஜா. வெறும் கல்லாக இருப்பதால்தான் சத்தத்தை அப்படியே திருப்பி எறிகிறது. துணி போர்த்தினால் வாங்கி வைத்துக்கொள்ளும்" என்ற தேனப்பர், சனங்கள் பக்கம் திரும்பினார். "அம்மா, அக்கா! மூட்டையில் இருக்கிற சேலை, கம்பளி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் கொஞ்ச நேரத்துக்குக் கொடுங்கள்!"

"இது ராஜசபையா, சலவைத்துறையா?" என்று ராயர் முணுமுணுத்தார்.

"ராயரே, நீங்கள் இப்போதுதானே கடைசி வரிசையில் இருந்து வந்தீர்கள்?" என்று ராஜா ஒரே போடாகப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் சுவரெல்லாம் கண்டாங்கிச் சேலையும் கம்பளியும் அடுக்கடுக்காகத் தொங்கின. ஒச்சம்மா குழு வாசலில் வந்து நின்றது. அவள் திரும்பி, "எனக்குப் பின்னால் வாங்க. இன்னைக்கு நம்ம மேளம் மட்டும்தான்" என்றாள்.

நடந்தார்கள் பாருங்கள்! அடி விழுந்த இடத்தில் கால் விழுந்தது. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் ஒரே ஆள் நடக்கிற மாதிரி. முதலில் கைதட்டியது கடைசி வரிசைதான். அதற்குப் பிறகு வந்த குழுக்களில் ஒன்றுகூட அந்த நடையைத் தொடவில்லை.

ராஜா கழுத்து மாலையைக் கழற்றி ஒச்சம்மாவுக்குப் போட்டார். "தேரும் உனக்கு, மேளமும் உனக்கு. இன்னும் என்ன வேண்டும், கேள்!"

ஒச்சம்மா சுவரை ஒரு பார்வை பார்த்தாள். கும்பிட்டுக்கொண்டு சொன்னாள்: "மகாராஜா, சாயங்காலம் இவங்க எல்லாரும் ஊருக்குக் கிளம்பணும், சேலையைக் கேப்பாங்க. உங்க அந்தப்புரத்துத் திரைச்சீலைகளைக் கழற்றி இந்தச் சுவருக்குத் தாங்க. அதையும் மாணிக்கராயர் ஐயா கையாலேயே கட்டச் சொல்லுங்க."