பிரசங்க நேரத்து அழுகை

சபைச் செயலாளர் ஆசீர்வாதம் அண்ணாச்சிக்குக் கோயிலுக்குள் ஒரு சத்தம் ஆகாது. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போதே, கைப்பிள்ளையோடு நின்ற எஸ்தரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, மூணு ஞாயிறா பிரசங்கத்துல உன் பிள்ள வீல்வீல்னு கத்துது. இனி ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா, நீ வெளிய வேப்பமரத்தடியிலதான் உக்காரணும்!”

வாரம் முழுக்க அடுப்படியில் கிடக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரந்தான் ஆறுதல். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“சரிங்க அண்ணாச்சி. ஆனா இவ பாட்டுக்கு அழமாட்டா, ஜெபத்துக்கு அழமாட்டா. முன்பெஞ்சுல நீங்க குறட்டை விட ஆரம்பிச்சாத்தான் பயந்து அழுவா. நீங்க கொஞ்சம் முழிச்சிருந்தீங்கன்னா போதும்.”

போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நாப்பது வருசமா நானும் அதுக்குத்தாம்மா அழுறேன்” என்றாள் அண்ணாச்சியின் மனைவி.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் அண்ணாச்சி எழுந்து வந்து, எஸ்தரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அது அவர் சட்டைப் பொத்தானைக் கொஞ்ச நேரம் சப்பிவிட்டுத் தோளிலேயே தூங்கிப்போனது. அண்ணாச்சி கண்ணிமைக்கவில்லை.

பிரசங்கத்தில் போதகர் குரலை உயர்த்தினார். அண்ணாச்சி பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவா ஐயா, பிள்ள தூங்குது!”